ஜாவா ஒப்பந்தக் கூலிகளைப் பற்றி எழுதும்போது வழுக்கும் இடங்கள்

முதல் வழுக்கல், கட்டாயச் சாகுபடியையும் ஒப்பந்தக் கூலியையும் ஒன்றாக்குவது. 1830இல் டச்சு அரசு இன்றைய இந்தோனேசியாவின் தீவான ஜாவாவில் கொண்டுவந்த கட்டாயச் சாகுபடி ஏற்பாட்டில் உழவர் ஊரை விட்டுப் போகவில்லை. நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கில் கரும்போ காப்பியோ அவுரியோ போட்டு அரசுக்குக் கொடுக்க வேண்டும், அதுதான் விதி. நடைமுறையில் இதைவிட அதிகமாகவே பிடுங்கினார்கள். ஒப்பந்தக் கூலி வேறு சங்கதி. ஊரை விட்டு, கடல் தாண்டி, ஒரு கம்பெனியின் தோட்டத்தில் வேலை.

கடல் தாண்டி என்றதும் எல்லோரும் தென் அமெரிக்காவில் டச்சுக்காரர்களின் காலனியாக இருந்த சுரிநாமைத்தான் நினைக்கிறார்கள். அங்கே போனவர்கள் 1890 முதல் 1939 வரை ஏறக்குறைய 33,000 பேர். அதைவிடப் பல மடங்கு பேர் போனது பக்கத்துத் தீவான சுமத்ராவின் டெலிக்கு. சுருட்டின் மேலே சுற்றும் மெல்லிய இலைக்குப் பேர்போன புகையிலைத் தோட்டங்கள் அங்கேதான் இருந்தன.

நம்மவர்கள் செய்யும் தனித் தவறு ஒன்று உண்டு. டெலி என்றதும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தை அப்படியே பொருத்திப் பார்ப்பது. இலங்கையில் ஆளைக் கட்டிப்போட்டது பெரும்பாலும் கங்காணியிடம் பட்ட கடனும், அந்தக் கடனை எழுதிய சீட்டான ‘துண்டு’ம். டெலியில் கட்டிப்போட்டது 1880ஆம் ஆண்டின் கூலிச் சட்டம். வேலைக்கு வராவிட்டால், தோட்டத்தை விட்டு ஓடினால், அது கிரிமினல் குற்றம். பிடித்து வந்து தண்டிப்பார்கள். நமக்குக் கூலி என்றால் கையில் வாங்கும் காசு, அந்தச் சட்டத்திலோ ஆளே கூலி. 1930இல் அமெரிக்கா தண்டனை மிரட்டலில் விளையும் பொருளுக்கு இறக்குமதித் தடை போட்ட பிறகுதான் புகையிலைக் கம்பெனிகள் இதைக் கைவிட்டன. மனம் மாறி அல்ல, சந்தை போய்விடுமே என்று.

அதற்காக ‘இதுவும் அடிமைத்தனமேதான்’ என்று ஒரே வரியில் முடிப்பதும் சரியில்லை. சுரிநாமில் அடிமைமுறை 1863இல் ஒழிந்தது. ஜாவாக்காரர்களின் ஒப்பந்தம் ஐந்து வருடம். முடிந்ததும் திரும்பிப் போகக் கப்பல் செலவு இலவசம். இருந்தும் திரும்பியவர்கள் நான்கில் ஒரு பங்கு போலத்தான்.

‘ஜாவாக்காரர்கள் சாதுவானவர்கள், அதனால் கொண்டுவந்தார்கள்’ என்பதையும் நம்பிவிடாதீர்கள். அது தோட்ட முதலாளிகள் கட்டிய கதை. 1873 முதல் சுரிநாமுக்கு வந்த இந்தியக் கூலிகள் பிரிட்டிஷ் பிரஜைகள். அநியாயம் நடந்தால் அங்கிருந்த பிரிட்டிஷ் கான்சலிடம் போய் நிற்கலாம். டச்சுப் பிரஜையான ஜாவாக்காரர் யாரிடம் போவார்? முதலாளிக்குத் தேவைப்பட்டது இந்த வசதிதான். 1890 ஆகஸ்டில் 94 பேரோடு வந்த முதல் குழு மரியன்பர்க் கரும்புத் தோட்டத்துக்குத்தான் போனது. அதே தோட்டத்தில் 1902இல் மேலாளர் கொல்லப்பட்டு, மறுநாள் ராணுவம் சுட்டதே, அதை ஜாவாக்காரர் கலகம் என்று எழுதிவிடக் கூடாது. முன்னின்றவர்கள் இந்தியத் தொழிலாளர்கள்.

குடும்பப் பெயரை வைத்துப் பழைய பதிவேட்டில் தேடுகிறவர்கள் திணறுவார்கள். சுரிநாமுக்கு வந்த ஜாவாக்காரர்கள் பலருக்குப் பெயர் ஒன்றே ஒன்றுதான், நம் ஊரில் இனிஷியல் இல்லாமல் எழுதுவது போல. அந்த ஒற்றைப் பெயரே பிற்பாடு பேரப்பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராகியிருக்கும்.

கடைசியாக, சுரிநாமில் மேற்கு பார்த்துத் தொழும் ஜாவா முஸ்லிம்களை ‘மார்க்கம் தெரியாதவர்கள்’ என்று தள்ளுவது. ஜாவாவிலிருந்து மக்கா மேற்கே. சுரிநாமிலிருந்து கிழக்கே. பூமியைப் பாதி சுற்றி வந்த பிறகும் பெரியவர்கள் தகப்பனும் பாட்டனும் திரும்பிய திசைக்கே திரும்பினார்கள். 1930களில் சீர்திருத்தக்காரர்கள் கிழக்கே திரும்பச் சொல்ல, சச்சரவு கிளம்பியது. மேற்கு பார்த்த பள்ளிவாசலும் கிழக்கு பார்த்த பள்ளிவாசலும் அந்த நாட்டில் இரண்டுமே உண்டு.