வில்லங்கச் சான்றில் வராத வில்லங்கம்: பழைய தொழிற்சாலை மனைக்கு ஒப்பந்தம் எழுதும் முறை

பெங்களூரில் மனை வாங்க முனையும் எவரும் முதலில் கேட்பது வில்லங்கச் சான்றிதழைத்தான். முப்பது ஆண்டுகளில் அந்த இடத்தை யார் அடமானம் வைத்தார், யார் யாருக்கு எழுதிக் கொடுத்தார் என்பதெல்லாம் அதில் வந்துவிடும். அதே முப்பது ஆண்டுகளில் அங்கே எவ்வளவு குரோமிக் ஆசிட் மண்ணுக்குள் இறங்கியது என்பது வராது. பெங்களூரின் தொழிற்பேட்டையான பீன்யாவில் முலாம் பூசும் பட்டறைகள் நெடுங்காலமாக இயங்கிவந்த பகுதிகளில் நிலத்தடி நீரில் ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் என்ற நச்சு வடிவக் குரோமியம் கலந்திருப்பது ஊரறிந்த செய்தி. அத்தகைய ஷெட்டை வாங்கி இடித்துவிட்டுக் கிடங்கோ அலுவலகக் கட்டடமோ எழுப்ப நினைக்கும் நம்மவர்கள், விலை பேசுவதற்கு முன்பே ஒப்பந்தத்தின் வடிவத்தைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

ஒப்பந்தத்தால் எது முடியும், எது முடியாது என்ற தெளிவு முதலில் வேண்டும். மண்ணிலும் நீரிலும் உள்ள மாசை அகற்றும் துப்புரவுச் செலவை யார் ஏற்பது என்பதை இரு தரப்பும் தமக்குள் எழுதிக்கொள்ளலாம்; ஆனால் அந்த எழுத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தையோ தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தையோ கட்டுப்படுத்தாது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996இல் ராஜஸ்தானின் பிச்ரி வழக்கிலும், அதே ஆண்டு நம் வேலூர் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கிலும் நிலைநாட்டியது. எனினும் 2016ஆம் ஆண்டின் அபாயகரமான கழிவு விதிகள், அத்தகைய கழிவு யார் வசம் இருக்கிறதோ அவர்மீதே பொறுப்பைச் சுமத்துகின்றன. விற்றவர் விட்டுச்சென்ற ஸ்லட்ஜ் (கழிவுக் கசடு) டிரம்கள் சாவி கைமாறிய நாள் முதல் வாங்கியவருடைய டிரம்கள் என்று வாரியம் கருதினால் வியப்பதற்கில்லை.

ஆகவே முன்பணத்தைப் பெரிதாகக் கொடுக்காமல், மண்ணைச் சோதிக்கும் உரிமையை மட்டும் தரும் சிறிய ஒப்பந்தம் ஒன்றை முதலில் எழுதிக்கொள்வது நல்லது. எத்தனை இடங்களில் எவ்வளவு ஆழம் துளையிடலாம், போர்வெல் நீரை எடுக்கலாமா, முடிவுகளை யாரிடம் காட்டலாம், துளைகளை யார் மூடுவது என்பவை அதில் இருக்க வேண்டும். முலாம் தொட்டிகள் இருந்த இடம், கழிவுநீர்க் குழி, ஆசிட் இறக்கிய வாசல் ஆகிய மூன்றையும் விட்டுவிட்டு நான்கு மூலைகளில் மட்டும் மண் எடுத்த அறிக்கை எந்தப் பயனும் தராது. பட்டறை இயங்க வாரியம் தந்த பழைய இசைவாணைகள், கழிவு அனுப்பியதற்கான மேனிஃபெஸ்ட் படிவங்கள், வாரியத்தின் நோட்டீஸ்கள் ஆகியவற்றையும் அப்போதே கேட்டு வாங்க வேண்டும். கழிவை 90 நாளுக்கு மேல் வளாகத்தில் வைத்திருக்கக் கூடாது என்பது விதி. பட்டறை பத்தாண்டு ஓடியும் மேனிஃபெஸ்ட் படிவங்கள் நான்கைந்துதான் இருக்கின்றன என்றால், மீதிக் கழிவு எங்கே போயிற்று என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை. கன்னடத்தில் உள்ள ஆவணங்களைத் தெரிந்தவர் வாய்மொழியாகச் சொல்லிக் கேட்பதோடு நில்லாமல், எழுத்தில் மொழிபெயர்த்து வாங்குங்கள்.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டறிய முடியாத முக்கியக் குறையை விற்பவர் அறிந்திருந்தால் அதை வெளிப்படுத்த வேண்டும் என்கிறது. ஆனால் அந்தப் பிரிவு, மாறான ஒப்பந்தம் இல்லாதபோது மட்டுமே பொருந்தும். 'உள்ளது உள்ளபடி' என்ற இரண்டு சொற்களை வரைவில் நுழைத்து அந்தப் பாதுகாப்பைக் கரைக்க முயல்வது விற்பவரின் வழக்கறிஞருக்குக் கைவந்த கலை. வங்கி ஏலத்தில் எடுக்கும் மனைகளில் இச்சொற்களை நீக்கவே முடியாது என்பதால், அங்கே துப்புரவுச் செலவை ஏலத்தொகையிலிருந்து கழித்துக்கொண்டுதான் கை உயர்த்த வேண்டும்.

விற்பனை ஒப்பந்தத்தின் உயிர்நாடி, துப்புரவு எந்த அளவில் முடிந்ததாகக் கொள்வது என்ற பிரிவுதான். 'சட்டத்துக்கு உட்பட்டுச் சுத்தம் செய்து தரப்படும்' என்ற வாசகம் சண்டைக்கு விதை. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டபின், ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாமா என்பதைச் சுற்றியே பல ஆண்டுகள் வாதம் நடந்ததை நினைவில் கொள்ளலாம். எந்தப் பொருள், எந்த ஆழம், எந்த எண், எந்த அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகம், எத்தனை மாதிரிகள் என்பதை இணைப்பாகச் சேர்த்து இரு தரப்பும் ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பமிட வேண்டும். நீருக்கு ஓர் அளவுகோல் எளிதில் கிடைக்கிறது: குடிநீருக்கான இந்தியத் தரம், மொத்தக் குரோமியத்தை லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்குள் வைக்கிறது. இரும்பு சல்பேட் கலந்து ஹெக்ஸாவேலன்ட் குரோமியத்தைத் தீங்கு குறைந்த வடிவுக்கு மாற்றுவதா, மண்ணையே தோண்டி எடுத்து அபாயகரமான கழிவுக் கிடங்குக்கு அனுப்புவதா என்ற முடிவையும் இங்கேயே எழுத வேண்டும். இரண்டுக்கும் செலவு வெகுவாக மாறுபடும். தோண்டினால் மேனிஃபெஸ்ட் விற்பவர் பெயரில், சுவாதீனம் மாறுவதற்கு முன்பே போக வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை, விற்பவர் தரும் வாக்குறுதியைவிட அவர் கைக்குப் போகாமல் நிறுத்திவைத்த தொகைக்கே மதிப்பு அதிகம். விலையில் ஒரு பகுதியை எஸ்க்ரோ கணக்கில் (நிபந்தனை நிறைவேறும்வரை மூன்றாம் தரப்பின் வசம் நிற்கும் கணக்கு) வைத்து, கழிவு அகற்றம், சோதனைத் தேர்ச்சி, மழைக்காலத்துக்குப் பின் மறுசோதனை என்ற கட்டங்களில் விடுவியுங்கள். மழை முடிந்தபின் நிலத்தடி நீர் மட்டம் மாறும்போது, அதுவரை அடங்கியிருந்தது வெளிப்படக்கூடும். இழப்பீட்டு உறுதி தருவது பங்குதாரர் நிறுவனமானால், அது விற்பனைக்குப் பின் கலைந்துவிடும் என்று எண்ணிக்கொண்டு ஒவ்வொரு பங்குதாரரின் தனிப்பட்ட உத்தரவாதத்தையும் கேளுங்கள். இத்தனை மாதத்துக்குள் கோராவிட்டால் உரிமையே அழியும் என்று விற்பவர் எழுதக் கேட்டால், ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவு 1997 திருத்தத்துக்குப் பின் அதைச் செல்லாததாக்குகிறது என்பதைச் சொல்லுங்கள். பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கோர ஐந்தாண்டு அவகாசம் இருப்பதால், உறுதியின் காலமும் அதற்குக் குறையாமல் இருக்கட்டும்.

உரிமையாளர் நிலம் தர, கட்டுநர் கட்டடம் எழுப்பி இருவரும் பங்கிட்டுக்கொள்ளும் கூட்டு வளர்ச்சி ஒப்பந்தமாக இருந்தால் கணக்கு வேறு. நிலம் உரிமையாளரிடமே இருக்கும். கட்டுநரோ அஸ்திவாரம் தோண்டும்போது மாசைக் கண்டெடுப்பார். அந்தச் செலவு உரிமையாளரின் பங்கிலிருந்து கழியுமா, கட்டி முடிக்கும் கெடு நீளுமா என்பதற்கு விடை இல்லாத ஒப்பந்தம் பாதியில் நின்றுபோகும். கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். அதற்கான காலத்தையும் கெடுவில் சேருங்கள்.

மாசடைந்த இடங்களுக்கான புதிய விதிகள் 2025 ஜூலையில் அறிவிக்கப்பட்டன. ஐயத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் தெரிவித்தபின் 90 நாளில் முதற்கட்ட மதிப்பீடு, அடுத்த மூன்று மாதத்தில் விரிவான ஆய்வு, பின்னர் பொறுப்பாளர் யார் என்ற தீர்மானம் என அவை நகர்கின்றன. ஆகவே கையொப்பத்துக்கும் பத்திரப் பதிவுக்கும் இடையில் அந்த மனை இப்பட்டியலில் ஏறினால், முன்பணத்தைத் திரும்பப் பெற்று விலகிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு வேண்டும்.

சுவாதீனம் வாங்கும் நாளன்று வளாகம் முழுவதையும் படம் பிடித்து, டிரம்களையும் தொட்டிகளையும் எண்ணி ஒப்படைப்புக் குறிப்பில் இரு தரப்பும் கையொப்பமிடுங்கள். ஒரு டிரம் மீதமிருந்தாலும் அன்றைக்குச் சாவியை வாங்காதீர்கள்.