பச்சை குத்துவதற்கு முன் என் கடைப் படியில் கொஞ்சம் உட்காருங்கள்

என் பாட்டி பென்னாகரம் பக்கம். வலது முன்கை முழுக்கப் பச்சைக் கோலம், அதற்குக் கீழே ஒரு தேள், மணிக்கட்டுக்கு மேலே தாத்தாவின் பெயர். அந்தப் பெயரை அவர் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. ரேஷன் கடையில் 'வீட்டுக்காரர் பேர் என்ன?' என்று கேட்டால் பேசாமல் கையை நீட்டுவார். படித்துக்கொள்ள வேண்டியது அவர்கள் வேலை. ஊர் ஊராக வந்த குறத்தி விளக்குக் கரியையும் பச்சிலைச் சாறையும் குழைத்துக் குத்தினாராம். கூலி ஒரு படி கேழ்வரகு.

தர்மபுரியில் ஒரு மாடிக் கடையில் பதினோரு வருடமாக டாட்டூ போடுகிறேன். அதற்கு முன்பு போர்டு எழுதிக்கொண்டிருந்தேன். ஃபிளெக்ஸ் வந்து அந்தப் பிழைப்பு போனது. கடைக்கு வருகிறவர்கள் போனில் ஒரு படத்தைக் காட்டி, "அண்ணா, இதுக்கு என்ன அர்த்தம்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் அதைத் திருப்பிக் கேட்பேன்: எதைச் சொல்ல நினைத்து இங்கே வந்தீர்கள்? அது தெரிந்தால் உருவம் தேடுவது அரை மணி நேர வேலை. தெரியாவிட்டால் ஒரு மாதம் கழித்து வாருங்கள்.

போன வருடம் ஒரு பையன் கோய் என்கிற ஜப்பானிய வண்ணக் கெண்டை மீனைக் கேட்டான். சீனக் கதையில் மஞ்சள் ஆற்றின் அருவியை எதிர்த்து ஏறிய கெண்டை, டிராகன் ஆகிவிடும். அதிலிருந்துதான் ஜப்பானியப் பச்சையில் அந்த மீனுக்கு விடாமுயற்சி என்ற பொருள் வந்தது. இதைச் சொன்னதும் அவன், "நம்ம ஒகேனக்கல்ல ஏறுமா அண்ணா?" என்றான். சிரிப்புக்குத்தான் கேட்டான், ஆனால் நான் அதையே பிடித்துக்கொண்டேன். கோய் நம்ம கெண்டை இனம்தானே. ஜப்பான் அலையை எடுத்துவிட்டு ஐந்தருவிப் பாறையை வரைந்தேன். அவன் அப்பா பரிசல் ஓட்டுகிறவர் என்று அப்புறம்தான் சொன்னான். முதலிலேயே சொல்லியிருந்தால் பரிசலையும் சேர்த்திருப்பேன்.

இன்னொரு பெண் அரைப்புள்ளி (;) கேட்டார். சின்னதாக, அழகாக இருக்கிறதாம். அது 2013இல் அமெரிக்காவில் எமி புளூயல் என்பவர் தொடங்கிய இயக்கத்தின் அடையாளம். முற்றுப்புள்ளி வைத்திருக்கக்கூடிய இடத்தில் வைக்காமல் வாக்கியத்தைத் தொடர்கிறேன் என்று பொருள். மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் கடந்தவர்கள் குத்திக்கொள்வது. சொன்னதும் எழுந்து போய்விட்டார். மூன்று வாரம் கழித்து வந்து அதையே குத்திக்கொண்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

நங்கூரமும் தகைவிலான் குருவியும் கப்பல்காரர்களுடையவை. கடலே இல்லாத நம்மூரில் நங்கூரம் ஏன் இவ்வளவு ஓடுகிறது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. நியூசிலாந்துப் பூர்வகுடிகளான மாவோரிகளின் முகக் கோடுகளை மட்டும் நான் போடுவதில்லை. அவை ஒருவரின் வம்சத்தைச் சொல்பவை. அடுத்தவன் குலப்பெயரை நம் கன்னத்தில் எழுதிக்கொள்வது போல ஆகிவிடும்.

சீன எழுத்தில் நானே ஏமாந்திருக்கிறேன். ஆரம்பத்தில் ஏ, பி, சி ஒவ்வொன்றுக்கும் ஒரு சீன எழுத்து என்று ஒரு அட்டவணை வைத்திருந்தேன். அதைப் பார்த்து ஒருவருக்குப் பெயர் எழுதினேன். அவர் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே வந்த தைவான் இன்ஜினியர் படித்துப் பார்த்துவிட்டு, பெயரும் இல்லை, வார்த்தையும் இல்லை என்று சொல்லியிருக்கிறார். சீனத்தில் அப்படி அகரவரிசையே கிடையாது. அட்டவணையைக் கிழித்துப் போட்டேன், அவர் கைக்கு இலவசமாக ஒரு புலியை வரைந்து மூடினேன். உங்களுக்குப் படிக்கத் தெரியாத எழுத்தை உடம்பில் ஏற்றாதீர்கள்.

எதுவும் தோன்றாவிட்டால் ஒரு நாள் தர்மபுரி அருங்காட்சியகத்துக்குப் போய் நடுகற்களைப் பாருங்கள். வில்லும் வாளுமாக நிற்கிற அந்த வீரன் பலபேரின் குலசாமி. கிருஷ்ணகிரிப் பக்கம் மல்லப்பாடிப் பாறையில் வெள்ளை நிறத்தில் குதிரை வீரர்கள் இருக்கிறார்கள். நாலே கோட்டில் குதிரை வந்துவிடுகிறது. அதைவிடச் சுத்தமான டிசைனை நான் எந்த கேட்லாக்கிலும் பார்த்ததில்லை.

இனி அளவு. மை தோலுக்குள் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் இரண்டாம் அடுக்கில் உட்காருகிறது. வருடம் போகப் போகக் கோடு கொஞ்சம் பரவும். தமிழுக்கு இது பெரிய தலைவலி. 'ண'வில் மூன்று சுழி, 'ன'வில் இரண்டு. பொடியாக எழுதினால் சுழிகள் அடைத்துக்கொண்டு பத்து வருடத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். எழுத்து ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்தால் நான் ஊசியை எடுப்பதில்லை. நம் நிறத்துக்குக் கறுப்பு நிற்கும். மஞ்சளும் வெள்ளையும் சீக்கிரம் மங்கிவிடும்.

மைதானத்தில் விடியற்காலை ஓடுகிற தம்பிகளுக்கு ஒரு விஷயம். ராணுவத்தில் முன்கையின் உட்புறமும் புறங்கையும் தவிர வேறு இடத்தில் பச்சை கூடாது (பழங்குடியினருக்குத் தனி விதி). சிஆர்பிஎஃப் போன்ற மத்தியப் படைகளில் சல்யூட் அடிக்காத இடது முன்கையின் உட்புறத்திலோ புறங்கையிலோதான் அனுமதி, அதுவும் அந்தப் பகுதியில் கால் பங்குக்குக் குறைவாக. அறிவிப்பைப் படித்துவிட்டு என்னிடம் வாருங்கள். உடல் தகுதித் தேர்வில் திருப்பி அனுப்பப்பட்டு, "அழிச்சுக் குடுங்கண்ணா" என்று வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். லேசர் என்னிடம் இல்லை. இருக்கிற இடத்திலும் பல தடவை போக வேண்டியிருக்கும்.

பதினெட்டு வயது ஆகாதவர்களுக்குப் போடுவதில்லை. எந்தக் கடைக்குப் போனாலும் ஊசிப் பாக்கெட்டை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். குத்திய பிறகு ஒரு வருடம் ரத்ததானம் செய்ய முடியாது. அடிக்கடி கொடுக்கிறவர் என்றால் முதலில் கொடுத்துவிட்டு வாருங்கள். காயம் தழும்பாகத் தடித்து வளரும் உடம்பு என்றால் மார்பிலும் தோளிலும் வேண்டவே வேண்டாம்.

டிசைன் முடிவானதும் பிரிண்ட் எடுத்துக் குத்தப்போகும் இடத்தில் ஒட்டி, கண்ணாடி முன்னால் நில்லுங்கள். அப்புறம் அதைப் பீரோவுக்குள் ஒட்டி ஒரு மாதம் தினமும் பாருங்கள். பாதிப்பேருக்கு இரண்டாம் வாரமே சலித்துவிடுகிறது. எனக்கு வருமானம் போகிறது, பரவாயில்லை.

குத்திய பிறகு பொருக்கைக் கிள்ளக் கூடாது, மூன்று வாரம் வெயில் படக் கூடாது. குத்திய கையோடு ஒகேனக்கல் போய் எண்ணெய் மசாஜ் போட்டு அருவியில் நிற்கிறவர்கள் வருடத்துக்கு நாலு பேராவது வந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு மட்டும், மங்கிய இடத்தில் மறுபடி மை ஏற்றும் டச்-அப் இலவசம் இல்லை.