'ஐ பெட்' என்றால் பர்ஸை எடுக்க வேண்டாம்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் டாக்சி ஓட்டுபவர்கள், ஹோம்ஸ்டே நடத்துபவர்களுக்காக இதை எழுதுகிறேன். குட்மார்னிங், திஸ் வே சார் எல்லாம் உங்களுக்கே தெரியும். இன்றைக்கு ஆங்கிலத்தில் 'பெட்' (bet, பந்தயம் கட்டு) என்ற ஒரே வினைச்சொல்.

படி 1: பணம் உள்ள பெட்

'என்ன பெட்டு?' என்று நாம் கேட்பதேதான். குதிரை மேல் கட்டினால் 'பெட் ஆன் எ ஹார்ஸ்'; 'ஆன்' கட்டாயம். ஆளோடு கட்டினால் 'ஐ பெட் யூ எ ஹண்ட்ரட் ருப்பீஸ்'. ஆள் முதலில், தொகை அடுத்து, நடுவில் 'வித்' வேண்டாம். நேற்று கட்டியதற்கும் 'பெட்' தான். கட், புட் மாதிரி உருவம் மாறாது.

ஊட்டி ரேஸ் மைதானத்தில் கோடை சீசனில் புழங்கியது இந்த பெட். மைதானத்தை அரசு 2024-இல் எடுத்துக்கொண்டுவிட்டது. ஆகவே இங்கே இனி உங்களுக்கு அதிகம் தேவைப்படப்போவது அடுத்த படிதான்.

படி 2: பணம் இல்லாத பெட்

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. விடியற்காலையில் மேட்டுப்பாளையம் இறங்கி கெஸ்ட்டை ஏற்றி வந்திருக்கிறீர்கள். அவர் 'ஐ பெட் யூ ஆர் டயர்ட்' என்கிறார். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் 'பந்தயம் கட்டுகிறேன்' என்று வரும். எவ்வளவு, எதுக்கு என்று முழிப்போம்.

அவர் சொன்னது 'களைச்சுப் போயிருப்பீங்க', அவ்வளவுதான். அந்த 'இருப்பீங்க' செய்கிற வேலையை ஆங்கிலத்தில் 'ஐ பெட்' செய்கிறது. பயிற்சியும் இதிலேயே இருக்கிறது: தமிழில் ஊகமாக 'இருக்கும்', 'இருப்பாங்க' என்று வாயில் வரும்போதெல்லாம் முன்னால் 'ஐ பெட்' போட்டு, மீதியைச் சாதாரண வாக்கியமாகச் சொல்லுங்கள்.

மலை ரயிலில் சீட் தீர்ந்திருக்கும்: 'ஐ பெட் த டிரெயின் இஸ் ஃபுல்.'
தொட்டபெட்டாவில் இப்போ மூடுபனியா இருக்கும்: 'ஐ பெட் இட்ஸ் மிஸ்டி அட் தொட்டபெட்டா.'

(2637 மீட்டர் உயர தொட்டபெட்டாவுக்கும் இந்த பெட்டுக்கும் சம்பந்தமில்லை. படுகு மொழியில் பெட்டா என்றால் மலை. கெஸ்ட் கேட்டால் சொல்லுங்கள், ரசிப்பார்கள்.)

ஒரு நிபந்தனை: 'ஐ' இருக்க வேண்டும். 'ஹீ பெட்ஸ்' என்றால் அவர் சூதாடுகிறவர் என்றுதான் காதில் விழும். ஊகம் பலமாக இருந்தால் மட்டும் 'ஐ பெட்'. அரைகுறை சந்தேகத்துக்கு 'மேபி' போதும்.

படி 3: ஒற்றைப் பதில்கள்

'கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றிவிட்டது' என்று கெஸ்ட் புலம்பினால், 'ஐ பெட்!' என்று மட்டும் சொல்லலாம். 'இருக்காதா பின்னே!' என்ற ஆறுதல் அது. ஆனால் சிரித்துக்கொண்டு இழுத்துச் சொன்னால் கிண்டலாகிவிடும். முகத்தைப் பார்த்துப் பேசுங்கள்.

'யூ பெட்' வேறு. 'வெந்நீர் கிடைக்குமா?' 'யூ பெட்!' அதாவது 'ஓ, தாராளமா!' அமெரிக்கர்களிடம் நிறையக் கேட்கலாம். வயதானவர்களிடமும் புக்கிங் மெயிலிலும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே 'சர்ட்டன்லி' தான் அழகு.

எதை வைத்துப் பழகுவது?

செயலிகளைவிட எனக்கு கேம்பிரிட்ஜ் இணைய அகராதிதான் பிடிக்கும். இலவசம், பிரிட்டன், அமெரிக்க உச்சரிப்பு இரண்டையும் கேட்கலாம். 'பெட்' என்ற சொல்லுக்குக் கீழே உள்ள எடுத்துக்காட்டுகளைச் சத்தமாகப் படியுங்கள்.

பிற்சேர்க்கை

கோத்தகிரியில் ஹோம்ஸ்டே நடத்தும் அக்கா ஒருவர் கேட்டது: 'நான் ஐ பெட் என்றால் கெஸ்ட் கட்டிலைப் பார்க்கிறார், ஏன்?' தமிழ் எழுத்தில் பந்தயமும் கட்டிலும் ஒரே 'பெட்' தான். வாயில் வேறு. பந்தயத்துக்கு உயிரொலியைக் குறுக்கி, கடைசி எழுத்தை 'பட்டு' என்பதில் வரும் ட்டு போல அழுத்தி, உகரம் சேர்க்காமல் வெட்டுங்கள். கட்டிலுக்கு உயிரொலியைச் சற்று நீட்டி, 'வடை' என்பதில் வரும் ட போல மெதுவாக முடியுங்கள். அகராதியில் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டால் காது பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று: இளவட்ட கெஸ்ட்டுகள் மெசேஜில் வெறும் 'பெட்' என்று அனுப்பினால் 'சரி' என்று அர்த்தம். காலை ஆறு மணிக்கு வண்டி வரும் என்று நீங்கள் எழுதியதற்கு அந்தப் பதில் வந்தால், ஆறு மணிக்கு வண்டியோடு போய் நில்லுங்கள்.