குளம் பச்சையானதும் மருந்தைத் தேடாதீர்கள்

குடியிருப்பை ஒட்டிய குளமோ வாய்க்காலோ ஒரே வாரத்தில் பச்சைப் பசேலென்று மாறினால், உடனே எழும் கேள்வி 'என்ன மருந்து போடலாம்?' என்பதுதான். பெரும்பாலான தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன. தீனி இருந்ததால்தான் பாசி பெருகியது. கொன்றுவிட்டால் அது அடியில் படிந்து மட்கி, தன்னிடமிருந்த நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் தண்ணீருக்கே திருப்பிக் கொடுத்துவிடும். கொஞ்ச நாளில் மறுபடியும் பச்சை.

நன்னீரில் பெரும்பாலும் பாஸ்பரஸ்தான் முக்கியத் தீனி. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1973-ல் 'ஏரி 226' என்ற சிறிய ஏரியைத் திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள். மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் விழுந்த பாதியில் மட்டும் பாசி மண்டியது.

அடுத்த தவறு, எது வளர்ந்திருக்கிறது என்று பார்க்காமலே இறங்குவது. ஒரு குச்சியை விட்டு எடுத்துப் பாருங்கள். நூல் நூலாகத் தொங்கினால் இழைப்பாசி. வாரி எடுத்துக் கரையிலிருந்து தள்ளிக் கொட்டலாம். கரையிலேயே குவித்தால் அடுத்த மழையில் திரும்ப உள்ளே போய்விடும். குட்டிக் குட்டி இலைகளாக மிதந்தால் அது பாசியே அல்ல, செடி. குச்சி பெயிண்டில் தோய்த்தது போல வந்தால் நீலப்பசும்பாசியாக இருக்க வாய்ப்பு அதிகம். உண்மையில் அது ஒரு பாக்டீரியா. சில வகைகள் நஞ்சு சுரக்கும். நஞ்சு இருக்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது, பரிசோதனைதான் சொல்லும். அதுவரை குழந்தைகளையும் நாய்களையும் தள்ளி வையுங்கள். குளத்தில் இறங்கிய நாய் உடம்பை நக்கும்போதும் நஞ்சு உள்ளே போகும்.

மயில்துத்தம் என்ற செம்பு உப்பை (காப்பர் சல்பேட்) மொத்தமாகக் கொட்டுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. பாசி ஒரேயடியாகச் செத்து மட்கும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகும். மறுநாள் விடியற்காலை மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடும், அப்புறம் செத்து மிதக்கும். நீலப்பசும்பாசியாக இருந்தால் செல்கள் வெடித்து, உள்ளேயிருந்த நஞ்சு தண்ணீரில் கலந்துவிடும். அந்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலீடோ நகரக் குடிநீரில் ஈரி ஏரியின் பாசி நஞ்சு கலந்தபோது, குழாய்நீரைக் காய்ச்சிக்கூடக் குடிக்க வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். இதெல்லாம் போக, செம்பு மட்காது. சேற்றில் சேர்ந்துகொண்டே இருக்கும். மருந்து தேவைதான் என்றால் அனுமதி பெற்று, தெரிந்தவர்களை வைத்து, குளத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து இடைவெளி விட்டுப் போடுங்கள்.

படிகாரம் பாஸ்பரஸைப் பிடித்து அடியில் இறக்கும், உண்மைதான். ஆனால் காரத்தன்மை குறைந்த நீரில் அளவு தப்பினால் தண்ணீர் அமிலமாகி மீன் சாகும். புல்கெண்டை வாங்கி விடுவதும் பலன் தராது. அது தின்பது செடிகளை, தண்ணீரில் கரைந்தது போலிருக்கும் பச்சையை அல்ல. அலங்கார நீரூற்று பார்க்க அழகு, அவ்வளவுதான். ஆழமான குளத்தில் அது மேல்தண்ணீரை மட்டுமே கலக்கும்.

சரி, தீனி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நம் வாசலிலிருந்துதான். மழைக்கு முன்னால் புல்வெளிக்குப் போட்ட உரம், மழைநீர் வடிகாலில் தள்ளிய சருகு, அள்ளாமல் விட்ட நாய்க் கழிவு. வாத்துகளுக்குத் தீனி போட்டுக் கூட்டம் சேர்ப்பதும் இந்தக் கணக்கில்தான் வரும். தண்ணீர் விளிம்பு வரை புல்லை ஒட்ட வெட்டுவது எனக்குப் புரியாத பழக்கம். கரையோரம் ஒரு பட்டை உயரமாக வளர்ந்தால், ஓடிவரும் மண்ணும் உரமும் அங்கேயே நிறையத் தங்கிவிடும்.

இவ்வளவும் செய்தபின் அடுத்த பருவமே தெளிந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆக்சிஜன் இல்லாத அடிச்சேறு பழைய பாஸ்பரஸைப் பல ஆண்டுகள் விட்டுக்கொண்டே இருக்கும். தூர் வாரலாம், அல்லது அடியிலிருந்து காற்றைச் செலுத்தலாம். காற்றுக் கருவியைக் கோடை நடுவில் முதல் நாளே முழுநேரம் ஓட்டிவிடாதீர்கள். ஆக்சிஜன் இல்லாத அடித்தண்ணீர் சட்டென்று மேலே கலந்தால் மீன் சாகும். முதல் நாள் கொஞ்ச நேரம் மட்டும் ஓட்டி, தினமும் கூட்டிக்கொண்டே போங்கள்.