வீட்டில் வீசிங் இருக்கா? பெஸ்ட் கண்ட்ரோல் ஆளைக் கூப்பிடும் முன் படிங்க

எங்கள் அம்மாவுக்கு பெயின்ட் நெடி பட்டாலே தொண்டை கமறும். பக்கத்து ஃப்ளாட்டில் கரப்பானுக்கு மருந்து அடித்த அன்று பாத்ரூம் டக்ட் வழியாக வாடை உள்ளே வந்து, ராத்திரி முழுக்க நெபுலைசரும் கையுமாக உட்கார்ந்திருந்தோம். அதன் பிறகு மாம்பலம் வீட்டில் நான் கடைப்பிடிக்கும் முறை இது. ஆஸ்துமா, ஒற்றைத் தலைவலி, எந்த ரசாயன நெடியும் ஒத்துக்கொள்ளாத உடம்பு என்று யாராவது வீட்டில் இருந்தால் உங்களுக்கும் உதவும்.

படி 1: மருந்தின் பெயரைக் கேளுங்கள்

"வாசனையே வராது மேடம், ஹெர்பல்தான்" என்பார்கள். வாசனை வராத மருந்தும் நஞ்சுதான். ஹெர்பல் எண்ணெயின் காட்டமே சிலருக்கு இழுப்பைக் கிளப்பிவிடும். "தம்பி, டப்பா லேபிளை போட்டோ எடுத்து அனுப்புங்க" என்று சொல்லுங்கள். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் என்றிருந்தால் பைரித்ராய்டு வகை. கண் எரியும், முகத்தில் குறுகுறுப்பு வரும், ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சு இழுக்கலாம். குளோர்பைரிபாஸ் நரம்பைத் தாக்கும் வகை. டைக்ளோர்வாஸ் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், 2020 டிசம்பர் 31 முதல் நம் நாட்டில் அதற்குத் தடை. லேபிளில் இருக்கும் நிறத்தையும் பாருங்கள்: சிவப்பு கடும் நஞ்சு, அடுத்து மஞ்சள், நீலம், கடைசியில் பச்சை.

படி 2: கரப்பானுக்கு ஜெல் போதும்

ஸ்ப்ரே காற்றில் கலக்கும், ஜெல் வைத்த இடத்திலேயே இருக்கும். கிச்சன் கப்போர்டு கீல், ஃப்ரிட்ஜ் பின்பக்கம், சிங்க் அடியில் என்று துவரம்பருப்பு அளவில் பொட்டுப் பொட்டாக வைக்கச் சொல்லுங்கள். அதன் மேல் ஸ்ப்ரே அடித்தால் கரப்பான் கிட்டவே வராது, வைத்ததெல்லாம் வீண். ராத்திரி சிங்க்கைத் துடைத்துக் காயவிட்டு, குப்பையை வெளியே வைத்துவிட்டால் அதுக்கு ஜெல்லைத் தவிர தின்ன வேறு ஒன்றும் இருக்காது. குழந்தை கை எட்டும் இடத்தில் வைக்க விடாதீர்கள்.

படி 3: ஸ்ப்ரே தவிர்க்க முடியாவிட்டால்

கரையான், மூட்டைப்பூச்சி என்றால் சில சமயம் வேறு வழி இருக்காது. உடம்பு ஒத்துக்கொள்ளாதவரை முந்தின நாளே சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். "பெட்ரூமில் கதவைச் சாத்திக்கிட்டு இருக்கேன்" என்பது போதாது. பாத்திரம், தலையணை, பல் துலக்கும் பிரஷ் எல்லாவற்றையும் மூடி வையுங்கள். மீன் தொட்டி இருந்தால் வேறு வீட்டுக்கு மாற்றுங்கள், பைரித்ராய்டு மீனுக்கு எமன்.

படி 4: ஏசி போடாதீர்கள்

இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். ஸ்பிலிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவராது, அறைக்குள் இருக்கும் அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கும். மருந்து வாடை அறைக்குள்ளேயே தங்கிவிடும். 2024 நவம்பரில் குன்றத்தூரில் எலி மருந்து வைத்த வீட்டில் ஏசி போட்டுத் தூங்கிய குடும்பத்தின் இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். எலிக்குப் பொறி வையுங்கள், ஓட்டையை சிமென்ட் வைத்து அடையுங்கள். ஈரம் பட்டால் விஷ வாயு விடும் மாத்திரையை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள்.

மருந்தை காலையில் அடித்துவிட்டால் மதியத்துக்கு மேல் கடற்காற்று வரும்போது கிழக்கு ஜன்னலையும் எதிர்ப்பக்க ஜன்னலையும் சேர்த்துத் திறக்கலாம், ஃபேனும் எக்ஸாஸ்ட்டும் ஓடட்டும். ஐப்பசி மழையில் ஜன்னலைத் திறக்க முடியாது, அந்த மாதத்தில் ஸ்ப்ரே வேலையே வைத்துக்கொள்ளாதீர்கள். நெடியை மறைக்க சாம்பிராணி, ரூம் ஸ்ப்ரே வேண்டாம். ஏற்கெனவே எரிந்துபோயிருக்கும் மூச்சுக்குழாய்க்கு அது இன்னொரு அடி.

படி 5: ஏதாவது ஆகிவிட்டால்

மூச்சிரைப்பு, வாந்தி, எச்சில் ஒழுகுவது, கண்மணி சுருங்குவது என்று தெரிந்தால் உடனே வெளிக்காற்றுக்கு அழைத்துப் போய், 108-க்கு போன் செய்யுங்கள். மருந்து பட்ட துணியை மாற்றி, தோலை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முதல் படியில் வாங்கின லேபிள் போட்டோவை போனில் எடுத்துத் தயாராக வையுங்கள், டாக்டர் முதலில் கேட்பது "என்ன மருந்து?" என்றுதான்.