புதிதாக வருபவருக்கு ஆராதனை முறையில் துணை நிற்பது எப்படி?

தென்னிந்தியத் திருச்சபையில் ஆங்கிலிக்கன் மரபு, அதாவது இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த மரபு, நிலைத்திருக்கும் கோவில்களில், குறிப்பாகத் திருநெல்வேலிச் சீமையில் உள்ளவற்றில், ஞாயிறு ஆராதனை அச்சிட்ட முறைப்படியே நடக்கிறது. குருவானவர் ஒரு வரி சொல்ல, சபையார் மறுவரி சொல்வார்கள். எப்போது எழுந்திருப்பது, எப்போது முழங்காற்படியிடுவது, எந்த இடத்தில் 'ஆமென்' சொல்வது என்பதையெல்லாம் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற வயதிலேயே அது அவர்களுக்குப் படிந்துவிட்டது. முதன்முறையாக வருபவரோ, தன்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்த ஒரு காரியத்தின் நடுவில் ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டியிருக்கிறது. வாசலில் நின்று வரவேற்கும் பொறுப்பைப் பல ஆண்டுகளாகச் செய்துவரும் அனுபவத்தில், அந்தத் திகைப்பைக் குறைக்கும் வழிகளை இங்கே எழுதுகிறேன்.

நான் இதைக் கற்றது ஒரு தவற்றிலிருந்துதான். அச்சிட்ட முறையில்லாமல் ஆராதிக்கும் பெந்தெகொஸ்தே சபைக் குடும்பத்தில் பிறந்து எங்கள் சபையில் வாழ்க்கைப்பட்ட ஒரு பெண், திருமணத்துக்குப் பிறகு முதல் ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு வந்தார். நான் ஜெபப்புத்தகம், பாட்டுப் புத்தகங்களான பாமாலை, கீர்த்தனை ஆகிய மூன்றையும் கையில் கொடுத்து, நன்றாகச் சிரித்து, உள்ளே அனுப்பிவிட்டு, என் கடமை முடிந்ததென்று இருந்துவிட்டேன். ஆராதனை முடியும்வரை அந்த மூன்று புத்தகங்களும் அவர் மடியில் மூடியபடியே இருந்தன. பக்கத்திலிருந்த மாமியாருக்குப் புத்தகமே தேவைப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மருமகளுக்குப் பக்கம் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

வாசலில்

முதல் மணி அடித்ததும் வாசலுக்கு வந்துவிடுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் நேரத்துக்கு முன்பே வந்து, உள்ளே போகலாமா என்று தயங்கி வெளியே நிற்பார்கள். 'ஸ்தோத்திரம்' என்பது நமக்குள் பழகிய வாழ்த்து. யாரென்று தெரியாதவரிடம் 'வணக்கம், வாங்க' என்பதே போதும். அவர் வேறு சமயத்தவராக இருந்தாலும் பதில் சொல்லத் தடுமாற மாட்டார். செருப்பை எங்கே விடுவது, ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பக்கம் அமரும் கோவிலானால் எந்தப் பக்கம் யாருக்கு, கழிப்பிடம் எங்கே என்பவற்றை அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். முக்காடு போடாமல் வந்த பெண்ணிடம் முக்காடு பற்றிப் பேச வேண்டாம். அவரே சுற்றிலும் பார்த்து, விரும்பினால் போட்டுக்கொள்வார்.

என்ன கேட்கக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 'சொந்த ஊர் எது?', 'யார் வீட்டுப் பிள்ளை?', 'அங்கே எந்தத் தெரு?' என்று தொடரும் விசாரணை எதைத் தேடிப் போகிறது என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். ஊர்ப்பெயரைக் கொண்டே சாதியைக் கணக்கிடும் பழக்கம் நம் சபைகளுக்குள்ளும் இருக்கிறது. அந்தக் கேள்வி வாசலிலேயே எழுந்துவிட்டால், உள்ளே போய் எத்தனை முறை சமாதான வாழ்த்துச் சொன்னாலும் அவர் நம்பப் போவதில்லை. பெயரைக் கேளுங்கள், இதுபோன்ற ஆராதனைக்கு முன்பு வந்ததுண்டா என்று கேளுங்கள். அதற்குமேல் அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

உட்காரும் இடத்தையும் யோசித்துக் காட்ட வேண்டும். மரியாதை என்று நினைத்து முதல் வரிசையில் அமர்த்தினால், எழுந்து நிற்பவர்களை அவரால் பார்க்க முடியாது. முன்னால் பலிபீடம் மட்டுமே இருக்கும். கடைசி வரிசையோ பிந்தி வருபவர்களும் அழும் குழந்தைகளும் வந்துபோகும் இடம். நடுவில், நடைபாதையை ஒட்டி, நாலைந்து வரிசை வழக்கமான ஆராதனைக்காரர்கள் முன்னால் இருக்கும்படி ஓர் இடம் கொடுத்தால், அவர்களைப் பார்த்தே பாதியைக் கற்றுக்கொள்வார்.

புத்தகத்தைத் திறந்து கொடுங்கள்

வாசலில் நிற்பவர் ஆராதனை முழுவதும் பக்கத்தில் இருக்க முடியாது. ஆகவே நிதானமும் குறைந்த பேச்சும் உள்ள இரண்டு மூன்று பேரைத் துணையாகப் பழக்கி வைத்திருங்கள். துணை இருப்பவரின் வேலை மிக எளியது: தன் புத்தகத்தை விரலால் தொட்டுக் காட்டுவது. ஜெபப்புத்தகம் ஒரே கோவையாக ஓடுவதில்லை. முறையின் நடுவே அந்த நாளுக்குரிய ஜெபத்துக்கும் சங்கீதத்துக்கும் வேறு பக்கங்களுக்குத் தாவிவிட்டுத் திரும்பி வர வேண்டும். எங்கள் கோவிலில், ஆராதனை தொடங்கும் பக்கம், சங்கீதம் உள்ள பக்கம், நற்கருணை (அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்து) முறையின் பக்கம் மூன்றிலும் காகிதத் துண்டு வைத்து 1, 2, 3 என்று எழுதிய சில புத்தகங்களைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறோம். செலவு ஒன்றுமில்லை, சனிக்கிழமை மாலை பத்து நிமிட வேலை.

சுவரில் தொங்கும் பாட்டு எண் பலகையும் புதியவருக்குப் புதிர்தான். 'பா. 12', 'கீ. 45' என்றால் ஒன்று பாமாலை, மற்றொன்று கீர்த்தனை என்பது அவருக்கு எப்படித் தெரியும்? இரண்டு புத்தகங்களையும் காட்டி ஒரு முறை சொன்னால் போதும். திரையில் வரிகளைக் காட்டும் ஏற்பாடு இன்று பல கோவில்களில் வந்துவிட்டது. அது உதவுகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் திரையில் ஒரு நேரத்தில் நாலு வரிதான் தெரியும். ஜெபம் எவ்வளவு நீளம், அடுத்து என்ன, இப்போது முறையின் எந்தப் பகுதியில் இருக்கிறோம் என்பதைக் கையிலுள்ள புத்தகமே காட்டும். இரண்டும் இருக்கட்டும் என்பதே என் கருத்து.

வேறு திருச்சபையிலிருந்து வருபவர் இடறும் இடங்கள் சில உண்டு. அவற்றைத் துணை இருப்பவர் அறிந்திருப்பது நல்லது. கத்தோலிக்கர் கர்த்தருடைய ஜெபத்தை 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே' என்று சொல்லிப் பழகியிருப்பார். நாம் 'பரமண்டலங்களில் இருக்கிற எங்கள் பிதாவே' என்று தொடங்கும்போதே அவர் நாக்கு தட்டுப்படும். முடிவிலும் அவர் 'ஆமென்' சொல்லி நிறுத்தும் இடத்தில் நாம் 'ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்' என்று தொடருவோம். மனப்பாடமான ஜெபத்திலேயே அந்நியமாகிவிடுவது எவ்வளவு சங்கடம் என்பது, அவர்கள் கோவிலில் ஒரு திருமணத்துக்குப் போய் நின்றால் நமக்கும் புரியும். 'உங்களுக்குப் பழகியபடி சொல்லுங்கள், தவறில்லை' என்று முன்பே சொல்லிவிட வேண்டும்.

எழுதிய ஜெபம் ஏன் என்று கேட்டால்

பெந்தெகொஸ்தே சபைகளிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியைத்தான் கேட்பார்கள்: எழுதி வைத்ததை வாசிப்பது எப்படி ஜெபமாகும்? வாதாட வேண்டாம், ஆனால் பதில் இல்லாமலும் இருக்க வேண்டாம். இந்த மரபின் முதல் ஜெபப்புத்தகம் 1549ஆம் ஆண்டு பெந்தெகொஸ்தே என்னும் தூய ஆவியின் திருநாளில் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தது. அதுவரை ஆராதனை லத்தீனில் நடந்தது. சபையார் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பேராயர் தாமஸ் கிரான்மரும் உடனிருந்தவர்களும் அதை மக்கள் பேசும் மொழிக்குக் கொண்டுவந்தார்கள். அரசனும் கூலிக்காரனும் ஒரே வார்த்தைகளைச் சொல்ல வேண்டும் என்பதால்தான் அதற்குப் 'பொது' ஜெபப்புத்தகம் என்று பெயர். அதன் 1662ஆம் ஆண்டுப் பதிப்பே மிஷனெரிகள் வழியாகத் தமிழுக்கு வந்தது. 1826இல் கட்டி முடிக்கப்பட்ட பாளையங்கோட்டைத் திரித்துவ ஆலயம் போன்ற கோவில்களில் எழுத்தறியாதவர்களும் இதைச் செவிவழியாகவே கற்று, வாய் தவறாமல் சொன்னார்கள். எழுதிய ஜெபம் படிக்காதவரை ஒதுக்கும் என்பது மேலோட்டமான எண்ணம். திரும்பத் திரும்ப வருவதாலேயே அது படிக்காதவருக்கும் வசமாகிறது.

புதியவருக்கு இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிடாதீர்கள். முறையின் உருவத்தை மட்டும் ஆராதனைக்கு முன் இரண்டு நிமிடத்தில் சொல்லலாம்: முதலில் துதித்துப் பாவத்தை அறிக்கையிடுகிறோம், பிறகு வேதவாசகமும் பிரசங்கமும் கேட்கிறோம், விசுவாசப்பிரமாணம் சொல்லி மற்றவர்களுக்காக ஜெபிக்கிறோம், நற்கருணை நாளானால் திருவிருந்தில் பங்குபெறுகிறோம், ஆசீர்வாதத்தோடு வெளியே போகிறோம். சுவிசேஷ வாசகத்துக்கு எல்லோரும் எழுந்து நிற்பார்கள் என்பதையும், முழங்காற்படியிட முடியாதவர் உட்கார்ந்தபடியே தலைவணங்கினால் போதும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பலிபீடத்தின் விரிப்பு ஊதாவாக இருந்தால் அது ஏன் என்பதைச் சொல்வது பலருக்கும் பிடிக்கும். உயிர்த்தெழுதல் பண்டிகைக்கு முந்திய தவக்காலமான லெந்து நாட்களிலும் கிறிஸ்து பிறப்புக்கு முந்திய நான்கு வாரங்களிலும் ஊதா, பெரிய பண்டிகைகளுக்கு வெள்ளை, பெந்தெகொஸ்தேக்குச் சிவப்பு, மற்ற காலத்துக்குப் பச்சை. நம் ஊரில் லெந்து நாட்களில் திருமணம் வைப்பதில்லை என்று சொன்னால், காலத்துக்கும் வாழ்க்கைக்கும் உள்ள தொடர்பு சட்டென்று விளங்கும்.

சமாதானமும் நற்கருணையும்

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபைகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானது. 1950இல் அது வெளியிட்ட நற்கருணை முறையில், சபையார் ஒருவருக்கொருவர் சமாதானம் கொடுக்கும் வழக்கம் மீண்டும் இடம்பெற்றது. அதைக் கையால் கொடுக்கும் விதம் கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்களிடமிருந்து வந்தது. குருவானவரிடமிருந்து தொடங்கி, ஒவ்வொருவரும் இரு கைகளுக்குள் அடுத்தவர் கையை வாங்கிக் கடத்துகிறோம். பின்னாளில் உலகெங்கும் பல திருச்சபைகள் தங்கள் முறையில் சமாதானத்தைச் சேர்த்துக்கொள்ள இது ஒரு முன்மாதிரியாக இருந்தது. ஆனால் முன்பின் தெரியாத ஆள் திடீரென்று திரும்பி இரு கைகளையும் நீட்டினால் புதியவர் திடுக்கிடத்தான் செய்வார். 'இப்போது பக்கத்திலிருப்பவருக்குச் சமாதானம் சொல்வோம்' என்று துணை இருப்பவர் மெல்லச் சொல்லி, முதலில் தானே கொடுக்க வேண்டும். கை கொடுக்கத் தயங்குபவருக்குக் கைகூப்பினால் போதும். பல கோவில்களில் ஆண் பெண்ணுக்கிடையே அதுதான் வழக்கம்.

மிகுந்த கவனம் வேண்டியது நற்கருணை நேரத்தில்தான். எங்கள் திருச்சபையில் பொதுவாகத் திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவர் தம் விசுவாசத்தைத் தாமே உறுதிசெய்யும் சடங்கு) பெற்றவர்களே நற்கருணை எடுக்கிறார்கள். வேறு சபையில் நற்கருணை எடுத்துவருபவர் இங்கே எடுக்கலாமா என்பதைக் குருவானவரிடம் ஆராதனைக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பலிபீடத்துக்கு முன்னுள்ள கிராதியின் (தடுப்புக் கம்பியின்) முன் முழங்காற்படியிட்ட பிறகு அங்கே விசாரணை நடத்துவது யாருக்கும் அழகல்ல. கத்தோலிக்கரை வற்புறுத்த வேண்டாம். நம் மேசையில் பங்குபெற அவர்கள் திருச்சபை அனுமதிப்பதில்லை. எடுப்பவருக்கு, வலது உள்ளங்கையை இடது கைமேல் வைத்து அப்பத்தை வாங்குவதையும், திராட்சரசப் பாத்திரம் வரும்போது என்ன செய்வதென்பதையும் சொல்லிக்கொடுங்கள். இது கோவிலுக்குக் கோவில் மாறும்.

எடுக்காதவரின் நிலையைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். வரிசை வரிசையாக எல்லோரும் எழுந்து போக, நீண்ட பெஞ்சில் அவர் மட்டும் தனியாக மிஞ்சுவார். முழங்காலை ஒதுக்கி வழிவிடுவதா, எழுந்து நிற்பதா என்று தெரியாமல் கைப்பேசியை எடுத்துப் பார்ப்பார். சுற்றியிருப்பவர்கள் அதை அவமரியாதை என்று எண்ணுவார்கள்; எனக்குத் தெரிந்தவரை அது தனிமைதான். துணை இருப்பவர் தன் வரிசையோடு போகாமல் அவரோடு உட்கார்ந்திருந்து, கடைசி மேசைக்கு, அதாவது கடைசியாகப் போகும் குழுவோடு, போய்வந்தால் இந்தச் சங்கடம் தீர்ந்துவிடும். இதைச் செய்யச் சொன்னால் சில மூத்தவர்கள் முகம் சுளிப்பார்கள், தங்கள் இடத்தில் தங்கள் முறையில் போவது அவர்களுக்கு ஐம்பது ஆண்டு வழக்கம். அப்படிப்பட்டவரைத் துணையாக நியமிக்காதீர்கள்.

காணிக்கைப் பை வரும்போது போடாமல் அடுத்தவரிடம் கடத்தலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முடிந்த பிறகு

'இன்று புதிதாக வந்திருப்பவர்கள் எழுந்து நிற்கவும்' என்ற அறிவிப்பை நான் விரும்புவதில்லை. நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் ஒன்றரை மணி நேரம் கண்ணில் படாமல் இருக்கப் பாடுபட்டவரை முந்நூறு பேர் திரும்பிப் பார்ப்பது வரவேற்பாகாது. எழுந்து நிற்க விரும்புபவர்களும் உண்டு. அவர்களை வாசலிலேயே கேட்டு அறிந்து, பெயரைச் செயலரிடம் எழுதிக் கொடுக்கலாம்.

ஆராதனை முடிந்ததும் குருவானவரிடம் அழைத்துச் சென்று பெயர் சொல்லி அறிமுகப்படுத்துங்கள். மாதச் சங்கம் என்னும் சந்தா, குடும்ப அட்டை, முந்தைய சபையின் மாற்றுச் சான்று, திடப்படுத்தல் வகுப்பு ஆகியவை எல்லாம் முக்கியமானவையே, ஆனால் அன்றைய பேச்சல்ல. மூன்று நான்கு ஞாயிறு வந்த பிறகு அவரே கேட்பார், அல்லது குருவானவர் வீடு சந்திக்கும்போது சொல்வார். அடுத்த வாரம் வரவில்லையென்றால் ஞாயிறு மத்தியானமே தொலைபேசியில் அழைத்து 'ஏன் வரவில்லை?' என்று கேட்காதீர்கள். வாரத்தின் நடுவில் ஒரு நாள் கூப்பிட்டு நலம் விசாரித்து, வருகிற ஞாயிறு நற்கருணை ஆராதனையா, காலை ஜெபமா, எத்தனை மணிக்கு என்பதை மட்டும் சொல்லுங்கள்.

ஜெபப்புத்தகம் ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போகக் கொடுக்கலாம். காகிதத் துண்டுகளை எடுத்துவிடாமல் கொடுங்கள். முன்பு சொன்ன பெண்ணுக்கு மறுவாரம் அப்படித்தான் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, 'அண்ணா, இதில் சங்கீதத்தில் பாதி வரியைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறதே, அதை யார் சொல்ல வேண்டும்?' என்று கேட்டார். அதை நாங்கள் யாரும் யாருக்கும் இதுவரை சொன்னதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. 'தடித்த எழுத்து முழுவதும் சபையாருடையது, நீங்கள் சொல்ல வேண்டியது' என்றேன். இப்போது அந்த ஒரு வரியைப் புத்தகத்தின் முதல் காகிதத் துண்டிலேயே எழுதி வைக்கிறோம்.