பருந்திடமிருந்து குஞ்சுகளைக் காத்த விதம்

கோழிக்குஞ்சுகள் இருக்கும் அடைப்புக்கு மேலே முதலில் கயிறுதான் கட்டினேன், ஒரு அடி இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக. பெரிய பருந்து இறங்கவில்லை. ஆனால் வல்லூறு சிறியது, சிறகை ஒடுக்கிக்கொண்டு இடைவெளியில் நுழைந்துவிடும். குஞ்சு இருக்கும் இடத்துக்கு வலையே சரி.

2 அங்குலக் கண் (ஓட்டை) உள்ள தடித்த நைலான் வலை போதும். மெல்லிய வலை வேண்டவே வேண்டாம், சிட்டுகள் சிக்கிச் சாகும். உயரம் 7 அடி இருந்தால் நிமிர்ந்து நடந்து தீனி வைக்கலாம். வலையை அப்படியே கம்பங்களில் கட்டினால் நடுவில் தொய்யும். முதலில் 5 அடிக்கு ஒரு கம்பியை இழுத்து முறுக்கி, அதன்மேல் வலையை விரித்து, ஓரத்தில் அரை அடிக்கு ஒரு கட்டுப் போட வேண்டும். சருகு சேர்ந்தால் பாரத்தில் கிழியும். வாரம் ஒருமுறை தட்டிவிடுங்கள்.

பலர் கோட்டைவிடுவது பக்கவாட்டில். அங்கே வலைக்கண் பெரிதாக இருந்தால் பருந்து வெளியிலிருந்தே காலை நீட்டிக் குஞ்சைப் பிடித்துவிடும். தரையிலிருந்து 2 அடி வரை அரை அங்குலக் கம்பிவலை அடிக்க வேண்டும்.

பருந்தை மிரட்டத் தொங்கவிடும் குறுந்தகடு (சி.டி.), பளபளக்கும் நாடா எல்லாம் சில நாள்தான், பிறகு அதற்குப் பழகிவிடும். வெளியே மேயும் கோழிகளுக்கு, ஒன்றரை அடி உயரத்தில் ஆங்காங்கே பலகைப் பந்தல் வையுங்கள். தாய் எச்சரித்ததும் குஞ்சுகள் ஓடி ஒளிய அது உதவும். இரவில் ஆந்தை வரும், கூட்டுக் கதவை இருட்டுமுன் மூடுங்கள்.

பறவையைக் கொல்லவோ விஷம் வைக்கவோ வேண்டாம். பல நாடுகளில் அது குற்றம். எலியைப் பிடிப்பதும் அவைதானே.